வாசகர் கேள்வி: பிரசவ அறையில் அந்த ஐந்து நிமிடம்

(பிரசவ அறையில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்து, இப்போது செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் அவசரநிலைப் பயிற்சி அளிப்பவர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: நான் லேபர் ரூம் செவிலியர். வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு அவசரநிலை வகுப்பு நடத்துகிறார்கள். ஸ்லைடு போடுவார்கள், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவுதான். இதனால் பிறக்கும் குழந்தைக்கு ஏதாவது பயன் உண்டா?

நீங்கள் சொல்கிற மாதிரி வகுப்பால் பெரிய பயன் இருக்காது சிஸ்டர். ஆனால் பயிற்சியே வீண் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சவுத்மீட் என்றொரு மருத்துவமனை இருக்கிறது. பிரசவப் பிரிவில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் பயிற்சி என்ற வழக்கத்தை 2000-ஆம் ஆண்டில் அங்கே கொண்டுவந்தார்கள். மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், பிரசவம் பார்க்கும் செவிலியர் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு வரைபடத்தைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். ரத்தப்போக்கு, வலிப்பு, தோள் சிக்குவது, தொப்புள்கொடி முன்னால் நழுவுவது எல்லாவற்றையும் கையால் செய்து பார்த்தார்கள்.

பலன் என்ன? பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் குழந்தையின் மூச்சு, இதயத் துடிப்பு, நிறம் போன்றவற்றைப் பார்த்துப் பத்துக்கு ஆப்கர் மதிப்பெண் போடுகிறோம் அல்லவா, அதில் 6-ம் அதற்குக் கீழும் வாங்கிய நிறைமாதக் குழந்தைகள் முன்பு 10,000 பிரசவங்களுக்குச் சுமார் 87 பேர். பயிற்சிக்குப் பிறகு அது 45 ஆனது. ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் 27-லிருந்து 14 ஆகக் குறைந்தார்கள். 19,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட கணக்கு இது. அந்த வித்தியாசத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் நன்றாகப் பால் குடித்து வீட்டுக்குப் போன ஒரு குழந்தை.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். இதே பயிற்சியைப் பிறகு ஸ்காட்லாந்தில் 12 பிரசவப் பிரிவுகளில் நடத்திச் சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது குறைந்த ஆப்கர் வாங்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை. டான்சானியாவில் ஒரு கிராமப்புற மருத்துவமனையில், மூச்சு விடாத குழந்தையை மீட்பதற்கு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையிடம் எல்லோரும் அழகாகச் செய்தார்கள். நிஜக் குழந்தையிடம் பழைய பழக்கம்தான் வந்தது. அதே இடத்தில் பிறகு அடிக்கடி சின்னச் சின்ன ஒத்திகைகள் வைத்தார்கள். அப்போதுதான் முதல் 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். பயிற்சி உங்கள் லேபர் ரூமிலேயே நடக்க வேண்டும், உங்கள் டிராலியை வைத்து, உங்களோடு டியூட்டி பார்ப்பவர்களோடு, அடிக்கடி. வேறு ஊரில் ஒரு பெரிய மையத்துக்குப் போய்ப் பத்து பேர் கற்றுக்கொண்டு வருவதைவிட, இரவு டியூட்டி தொடங்குமுன் பத்து நிமிடம் நீங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது மேல் என்பேன். வலிப்புக்குப் போடும் மக்னீசியம் சல்பேட் எந்த அலமாரியில் இருக்கிறது, ராத்திரி அந்த அலமாரிச் சாவி யாரிடம் என்பதை எந்த ஸ்லைடும் சொல்லித் தராது. ஒத்திகையில் முதல் தடவையே அது தெரிந்துவிடும். நான் நடத்துகிற ஒத்திகைகளில் அதிகம் வெளிப்படுவது அறிவுக் குறைவு அல்ல, இந்த மாதிரி சாவிப் பிரச்சினைகள்தான்.

கேள்வி: எனக்கு எட்டாவது மாதம். தலை வெளியே வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கமில்லை. குழந்தை பெரிதாக இருந்தால்தான் அப்படி ஆகுமா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?

பயப்படாதே அம்மா, விவரமாகவே சொல்கிறேன். தலை பிறந்துவிடும், ஆனால் முன்பக்கத் தோள் தாயின் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். இருநூறு பிரசவங்களில் ஒன்றிரண்டில் நடக்கலாம். பெரிய குழந்தைக்கு வாய்ப்பு அதிகம் என்பது சரி. ஆனால் இப்படி ஆகும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 4 கிலோவுக்கும் குறைவானவர்கள். அதனால் ஸ்கேன் பார்த்து இவருக்கு ஆகும், இவருக்கு ஆகாது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரசவ அறையில் இருப்பவர் ஒவ்வொருவரும் தயாராக இருப்பதுதான் வழி.

தயாராக இருப்பவர்கள் செய்வதை நீயும் தெரிந்துகொள். முதலில், “தோள் சிக்கியிருக்கிறது, எல்லோரும் வாங்க” என்று வாய்விட்டுச் சொல்வார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதத் தொடங்குவார். உன்னை முக்க வேண்டாம் என்பார்கள். இரண்டு பேர் உன் தொடைகளை வயிற்றை நோக்கி நன்றாக மடக்கிப் பிடிப்பார்கள். இதற்கு மெக்ராபர்ட்ஸ் நிலை என்று பெயர். பெரும்பாலான குழந்தைகள் இதிலேயே வந்துவிடும். வராவிட்டால் ஒருவர் உன் அடிவயிற்றில், எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையால் அழுத்தித் தோளை நகர்த்துவார். அதற்கும் வராவிட்டால் மருத்துவர் கையை உள்ளே விட்டுத் தோளைத் திருப்புவார் அல்லது குழந்தையின் பின்பக்கக் கையை முதலில் எடுப்பார்.

செய்யக் கூடாதவை இரண்டு. தலையைப் பிடித்துப் பலமாக இழுக்கக் கூடாது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அதில் பாதிக்கப்பட்டு, கை தூக்க முடியாமலே போகலாம். வயிற்றின் மேல்பகுதியை அமுக்கவும் கூடாது. பதற்றத்தில் மனிதக் கை தானாகச் செய்யப் போவது இந்த இரண்டையும்தான். அதனால்தான் இதை ஒத்திகை பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழக்குகிறோம்.

மேலே சொன்ன பிரிஸ்டல் மருத்துவமனையில், தோள் சிக்கிய பிரசவங்களில் மெக்ராபர்ட்ஸ் நிலையைப் பயன்படுத்தியது பயிற்சிக்கு முன் 100-க்கு 29. பின்னால் 87. அப்படிப் பிறந்த குழந்தைகளில் காயத்தோடு பிறந்தவர்கள் 100-க்கு 9 பேராக இருந்தது, 2 பேராகக் குறைந்தது. பயிற்சியை விடாமல் 12 ஆண்டுகள் நடத்திய பிறகு மறுபடி கணக்கெடுத்தபோது, நிரந்தரமாகக் கை பாதிக்கப்பட்ட குழந்தை ஒன்றுகூட இல்லை. என் துறையில் எனக்கு இதைவிட நம்பிக்கை தருகிற செய்தி வேறில்லை.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது, “இங்கே இந்த மாதிரி அவசரங்களுக்கு ஒத்திகை பார்ப்பீர்களா?” என்று கேள். கேட்பது உன் உரிமை. நல்ல மருத்துவமனையில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: என் மகன் பிறந்தவுடன் அழவில்லை. துடைத்து, முகத்தில் ஏதோ மூடி வைத்து அமுக்கினார்கள், கொஞ்ச நேரத்தில் அழுதான். இப்போது நன்றாக இருக்கிறான். அவனுக்கு என்ன ஆகியிருந்தது?

மகன் நன்றாக இருப்பதில் மிகவும் சந்தோஷம். பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்சு எடுக்கக் கொஞ்சம் உதவி தேவைப்படும். நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்தாலே பெரும்பாலும் போதும். அதற்கும் மூச்சு வராவிட்டால், பிறந்து ஒரு நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்து நுரையீரலுக்குக் காற்று அனுப்பத் தொடங்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தைத் ‘தங்க நிமிடம்’ என்கிறோம். நீங்கள் பார்த்தது அதைத்தான். மாஸ்க் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தி, ஒவ்வொரு அமுக்கலுக்கும் நெஞ்சு லேசாக எழும்ப வேண்டும். பார்க்க எளிது, பழகாத கைக்கு வராது. உங்கள் மகனுக்குச் செய்தவர் நன்றாகப் பழகியவர். முடிந்தால் ஒருநாள் போய் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: சின்ன மருத்துவமனை நடத்துகிறேன். பயிற்சிப் பொம்மைகளின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. என்ன செய்யலாம்?

ரத்தப்போக்குக்கும் வலிப்புக்கும் பொம்மையே வேண்டாம். ஒரு செவிலியர் நோயாளியாகப் படுத்து நடித்தால் போதும். இன்னும் சொல்லப்போனால் அதுவே நல்லது, ஏனென்றால் நோயாளியிடம் பேச மறந்தவர்கள் யார் என்பது அவருக்குத்தான் தெரியும். இங்கிலாந்தில் ஆறு மருத்துவமனைகளின் ஊழியர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, சொந்த மருத்துவமனையில் எடுத்த பயிற்சி பெரிய மையப் பயிற்சிக்குக் குறைவாக இல்லை. மூச்சு மீட்புக்கு மட்டும் ஒரு குழந்தைப் பொம்மை வாங்கிவிடுங்கள். மருந்தும் ஊசியும் கையுறையும் ஒன்றாக வைத்த ரத்தப்போக்குப் பெட்டி ஒன்று, வலிப்புப் பெட்டி ஒன்று தயார் செய்யுங்கள். ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடும்போது எல்லோரும் குறைத்தே சொல்வோம். அளவுக்கோடு போட்ட விரிப்பைப் போட்டு அளந்து பாருங்கள்.

கேள்வி: நான் இளம் மருத்துவர். எங்கள் ஒத்திகைக்கு மூத்த மருத்துவர்கள் வருவதே இல்லை. செவிலியர்கள் முன்னால் தடுமாறினால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிறார்கள். அவர்களை எப்படி வரவைப்பது?

உங்கள் மருத்துவமனையில் மட்டும் இல்லை, நிறைய இடங்களில் இதே கதைதான். மூத்தவர் வராத ஒத்திகையில் அவரிடம் “சார், நேரமாகிறது” என்று சொல்லப் பழக யாருக்கும் வாய்ப்பே கிடைக்காது. நிஜ அவசரத்தில் அந்த ஒரு வாக்கியம்தான் தேவைப்படும்.

முதல் முறை அவரைச் செய்யச் சொல்லாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கும் வேலையைக் கொடுங்கள், வருவார். அப்புறம், ஒத்திகை முடிந்ததும் யார் தவறு செய்தார்கள் என்று பேச வேண்டாம். எந்தப் பொருள் கைக்கு எட்டவில்லை, யார் சொன்னது யார் காதில் விழவில்லை என்று மட்டும் பேசுங்கள். “ஆக்சிடோசின் போடுங்க” (ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்து) என்று பொதுவாகக் காற்றில் சொல்லாமல், ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போட வேண்டும். இந்த ஒன்றை முதல் ஒத்திகையிலேயே எல்லோரையும் செய்யவையுங்கள், மூத்தவரையும் சேர்த்து.