எறும்பு மூளையும் வயல் ரோபோவும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி, பொறியியல் மாணவர்: அக்கா, ஜிபிஎஸ் இல்லாமல் ரோபோ வெளிக்கிட்ட இடத்துக்குத் திரும்பி வரவேணும். எறும்பு மாதிரிச் செய்யலாம் எண்டு சொல்லீனம். எங்க தொடங்கிறது?

வழிக்கூட்டலில், அதாவது ஒவ்வொரு அடியின் திசையையும் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போவதில், தொடங்குங்கோ தம்பி. சகாராவின் கட்டாக்ளிபிஸ் எறும்பு இரை தேடி எப்படி வளைந்து போனாலும், புற்றுக்கு நேராகத் திரும்பும். திசையை வானத்து ஒளியிலிருந்து எடுக்கும், தூரத்தைக் காலடியால் அளக்கும். 2006இல் இரை எடுத்த எறும்புகளின் கால்களில் பன்றிமயிர் ஒட்டி நீட்டினார்கள். அவை புற்றைத் தாண்டிப் போய்த்தான் தேடின.

ரோபோவின் புரோகிராமில் எட்டு நரம்புக்கலங்கள் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை: 0, 45, 90 என்று 315 பாகை வரை. ஒவ்வொரு அடியிலும், நகர்ந்த தூரத்தை, போகும் திசைக்கும் அந்தக் கலத்தின் திசைக்கும் இடையிலான கோணத்தின் கோசைனால் பெருக்கிக் கூட்டுங்கோ. எட்டு எண்களும் ஒரு அலையாக நிற்கும். அலை உச்சிக்கு நேரெதிர்த் திசை வீடு, உச்சியின் உயரம் தூரம்.

மல்லாவி: மணலில சில்லு சுத்துது, வண்டி நகரேல்லை. கணக்குப் பிழைக்குது.

மோட்டர் பூட்டாத மூன்றாவது சில்லொன்றை இழுபட விட்டு, சில்லின் சுற்றை எண்ணும் என்கோடரை அதில் பூட்டுங்கோ. திசையை மட்டும் சில்லுகளின் வித்தியாசத்திலிருந்து எடுக்கவே கூடாது. 3 பாகை பிழைத்தால் 50 மீற்றரில் 2.6 மீற்றர் விலகிவிடும். திசைகாட்டியை மோட்டருக்கும் பட்டரி வயருக்கும் தள்ளி, பிளாஸ்ரிக் தடியில் உயர்த்தி வையுங்கோ.

புதுக்குடியிருப்பு: வானத்து ஒளியில திசை பிடிக்க, போலரொயிட் தாளை 0, 60, 120 பாகையில் வெட்டி மூன்று போட்டோடயோட்டுக்கு (ஒளிச்சென்சர்) மேல ஒட்டினன். காலமை சரி, மத்தியானம் அங்கயும் இங்கயும் ஆடுது.

சென்சரில் பிழையில்லை. உச்சி வானத்தில் முனைவாக்கம், அதாவது ஒளி ஒரே தளத்தில் அதிர்வது, வலுவாக இருப்பது சூரியன் அடிவானத்தில் நிற்கும்போது. சூரியன் ஏற ஏற அது மங்கும். ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் எங்களுக்கு மத்தியானச் சூரியன் நேர் உச்சியில். அந்த நேரம் அங்கே பிடிக்க ஒன்றுமில்லை. நடுப்பகலில், திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவை நம்புங்கோ. இன்னொன்று: முனைவாக்கம் வடக்கையும் தெற்கையும் ஒரேமாதிரித்தான் காட்டும். வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்கச் சாதாரண ஒளிச்சென்சர் நாலு வேணும்.

வவுனியா: போன வழியைப் படமாய் நினைவில வைக்கிற காளான் உடல் (பூச்சி மூளையின்ர நினைவுப் பகுதி) கணினி மாதிரியை ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கணினிச் சில்லில போட்டன். 30 மீற்றருக்குப் பிறகு எல்லா இடத்தையும் தெரிஞ்ச இடமெண்டு சொல்லுது.

10 சென்ரிமீற்றருக்கு ஒரு படம் எடுத்திருப்பீங்கள், நினைவு நிரம்பிவிட்டது. 2016இல் வந்த மாதிரியில் 360 படப்புள்ளிகள், 20,000 கென்யன் கலங்கள் (காளான் உடலின் நரம்புக்கலங்கள்), ஒரேயொரு வெளியீடு. ஒவ்வொரு கலமும் எழுந்தமானமாக 10 புள்ளிகளைப் பார்க்கும். ஒரு படத்துக்கு 200 கலங்கள் எழும்பும், படிக்கும்போது அந்த 200இன் வெளியீட்டு இணைப்பையும் வெட்டிவிடுவோம். தெரிந்த காட்சி வந்தால் வெளியீடு பூச்சியத்துக்குக் கிட்ட, புதுக் காட்சிக்கு உயர்வு.

படமொன்றுக்கு மிஞ்சிய இணைப்புகளில் 1 வீதம் போனால், 300 படத்தின் பிறகு மிஞ்சுவது 5 வீதம். புது இடமும் 200க்குப் பதில் 10 தான் தரும், இரைச்சலில் அது தெரியாது. அடுத்தடுத்த படங்கள் ஒத்திருப்பதால் உண்மையில் கொஞ்சம் மெதுவாகத்தான் நிரம்பும். 50 சென்ரிமீற்றருக்கு ஒரு படம் எடுங்கோ: 60 படம், மிச்சம் 55 வீதம்.

கலம் எழும்புவதற்கு நிலையான வாசல் அளவு வையாதேங்கோ, முகில் மறைத்தவுடன் பிழைக்கும். அதிகம் எழும்பின 200ஐ எண்ணி எடுங்கோ. இணைப்பு அட்டவணை 400 கிலோபைற், அதை பிளாஷ் நினைவகத்தில் வையுங்கோ. வெளியீட்டுக்கு 2,500 பைற் போதும். சுற்றுக் கமெராப் படம் 36 நிரல் (மேலிருந்து கீழான வரிசை) என்றால் நிரலுக்கு 10 பாகை: வண்டியைத் திருப்பாமல் படத்தை இடமும் வலமும் ஆறு நிரல் நகர்த்தி, வெளியீடு குறைந்த பக்கம் போங்கோ.

மாங்குளம்: கண்ணிவெடி அகற்றிற வேலைக்கு உதவுமோ?

வழி தெரிவதற்கு மட்டும்தான். அரை மீற்றர் பிழைக்கக்கூடிய ஒன்றை வைத்து நிலம் துப்புரவானது என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

விசுவமடு, ஆசிரியை: பனைக்கூடலுக்க எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பிள்ளைகளின்ர ரோபோ குழம்புது.

கீழே பார்க்க விடாதேங்கோ ரீச்சர். அடிமரங்கள் ஒத்திருக்கும், புல் காற்றில் ஆடும். நீல நிறத்தை மட்டும் எடுத்தால் வானம் வெளிச்சமாகவும் பனை வட்டுகள் (உச்சி ஓலைக்கூட்டம்) இருட்டாகவும் பிரியும். அந்த விளிம்பு இடத்துக்கிடம் மாறும். கமெராவின் தானியங்கி எக்ஸ்போஷரைப் பூட்டுங்கோ. வரம்பில் ஏறி 5 பாகைக்கு மேல் சரிந்த நேரத்துப் படங்களைப் படிக்கவும் வேண்டாம், ஒப்பிடவும் வேண்டாம். அந்த ரெண்டு மூன்று அடிக்கு வழிக்கூட்டல் கொண்டுபோய்ச் சேர்க்கும்.