ஏழு கிளாஸ் கார்டும் நாலு மணித்தியால நித்திரையும்

வணக்கம் மிஸ்,

நான் உயர்தரம் உயிரியல் பிரிவில் 13ஆம் ஆண்டு படிக்கிறேன். வீடு சாம்பல்தீவில், பாடசாலை திருகோணமலை டவுனில். சாதாரண தரத்தில் 8 ஏ, 1 பி. அன்றைக்கே நான் டாக்டர்தான் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எனக்கும் விருப்பம்தான், பொய் சொல்லமாட்டேன்.

இப்போது ஏழு டியூசன் வகுப்புக்குப் போகிறேன். திங்கள் இரசாயனவியல் தியரி, செவ்வாய் பௌதிகவியல் தியரி, புதன் உயிரியல் தியரி. மூன்றும் பின்னேரம் 3 மணியிலிருந்து 6 வரை. வியாழன் இரவு 7 முதல் 10 வரை வேறொரு சேரின் பௌதிகவியல் ஸூம் வகுப்பு. சனி காலை 7 முதல் 10 வரை இரசாயனவியல் ரிவிஷன், பின்னேரம் 2 முதல் 5 வரை பௌதிகவியல் பேப்பர் வகுப்பு. ஞாயிறு காலை 8 முதல் 12 வரை உயிரியல் பேப்பர் வகுப்பு. இரவு சாப்பிட்டுவிட்டு 9.30க்கு இருந்தால் 1 மணி வரைக்கும் நோட்ஸ் எழுதுவேன். 5 மணிக்கு எழும்ப வேண்டும். நித்திரை வராமலிருக்க மூன்று கோப்பை பிளேன்டீ குடிப்பேன்.

போன தவணையில் உயிரியல் 61, இரசாயனவியல் 44, பௌதிகவியல் 38. பௌதிகவியல் பல்தேர்வுப் பேப்பரில் 25ஆவது கேள்வி தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் போதாத மாதிரி இருந்தது. விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறைத்துப் போனது. எழுத்தெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பது போலத் தெரிந்தது. கடைசி 20 கேள்விக்கு ஒன்றும் கீறாமலே கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு பேப்பர் வகுப்பிலும் இரண்டு தரம் அப்படி வந்தது.

அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. அப்பா மாதா மாதம் என் கிளாஸ் கார்டுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் காசை எண்ணி வைப்பார். அவரிடம் போய் எனக்கு ஏலாது என்று எப்படிச் சொல்வது? பெரியப்பாவின் மகன் மருத்துவ பீடத்தில் இருக்கிறார். இரண்டு மாதமாக எனக்குப் பீரியட்ஸ் ஒழுங்காக வரவில்லை, தலைமயிரும் கொட்டுகிறது. சில இரவுகளில், காலையில் எழும்பாமலே போனால் நல்லது என்று நினைக்கிறேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் சோம்பேறியா மிஸ்? பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது.

ஒரு மாணவி, சாம்பல்தீவு

*

அன்பான மகளுக்கு,

கடிதத்தின் கடைசியில் எழுதியதை முதலில் எடுக்கிறேன். எழும்பாமலே போனால் நல்லது என்ற எண்ணம், ஓய்வில்லாமல் மாதக்கணக்கில் ஓடுகிற பிள்ளைகளுக்கு வருவதுண்டு. அது உங்கள் பிழை இல்லை. ஆனால் தனியே வைத்துக்கொள்ளக் கூடியதும் இல்லை. இன்றைக்கோ நாளைக்கோ அம்மாவிடம் சொல்லுங்கள். வாயால் வராவிட்டால் எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே மடித்து அவர் கையில் கொடுங்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் இருந்தால் அவருக்கும் தெரிய வேண்டும். அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படி, எப்போது என்ற யோசனையாக மாறினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நேரமே வீட்டில் ஒருவரை எழுப்பி அவர் பக்கத்தில் இருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அம்மாவோடு ஒரு நாள் வைத்தியரிடமும் போய் வாருங்கள். மாதவிடாய் தள்ளிப் போவதற்கும் மயிர் கொட்டுவதற்கும் நித்திரைக் குறைவும் மன அழுத்தமும் காரணமாகலாம். தைரொயிட் கோளாறும் இதே அறிகுறிகளைத் தரும், இரும்புச்சத்துக் குறைவாலும் மயிர் கொட்டும். இரண்டும் படபடப்பையும் கூட்டும். ஆகவே இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுமே மருந்தால் சரிசெய்யக் கூடியவை. வைத்தியர் மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் அதற்கும் போங்கள். ஊர் என்ன சொல்லும் என்று பார்த்து இதைத் தள்ளிப் போடக் கூடாது.

சோம்பேறியா என்று கேட்டீர்கள். உங்கள் கிழமையைக் கூட்டிப் பார்த்தேன். பாடசாலை 30 மணித்தியாலம். டியூசன் 22. சாம்பல்தீவிலிருந்து டவுனுக்கு ஏழு நாளும் போய்வர, பஸ்ஸுக்குக் காத்து நிற்பதோடு 10 என்று வைப்போம். மொத்தம் 62. அதற்கு மேல் இரவில் 20 மணித்தியாலத்துக்கு மேல் நோட்ஸ் எழுதுகிறீர்கள். இது சோம்பேறியின் கணக்கு இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றைக் காணவில்லை. ஒருவரும் சொல்லித்தராமல், கொப்பியைப் பார்க்காமல், நீங்களே தனியாக ஒரு வினாவோடு மல்லுக்கட்டுகிற நேரம் எங்கே? பேப்பர் வகுப்பில் செய்கிறேனே என்பீர்கள். அங்கே வழி தெரியாமல் நிற்கிற அந்த இடத்தில் சேர் பலகையில் செய்து காட்டிவிடுவார். விளங்கிவிட்டது என்ற உணர்வோடு வீட்டுக்கு வருவீர்கள். விளங்குவது வேறு, தானாகச் செய்ய வருவது வேறு. பௌதிகவியலில் இந்த இடைவெளிதான் ஆளை விழுத்துகிறது.

பரீட்சை மண்டபத்தில் நடந்ததற்கு வருவோம். பயத்தில் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சிழுக்கும்போது உடம்பு தேவைக்கு மேல் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது. குருதியில் அது குறைந்தால் மூளைக்குப் போகும் குருதிக்கலன்கள் சுருங்கும். அதனால்தான் தலை சுற்றுகிறது, எழுத்து மங்குகிறது. குருதி சற்றுக் காரமாகி, சுயாதீனக் கல்சியம் அயன்கள் குறைவதால் விரலும் உதட்டைச் சுற்றியும் விறைக்கிறது. உயிரியல் படிக்கிற உங்களுக்கு இது விளங்கும். ஒட்சிசன் போதாமல் வந்தது இல்லை இது, மூச்சு கூடிப்போனதால் வந்தது. ஆகவே அந்த நேரத்தில் பெரிதாக மூச்சை இழுக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அது இன்னும் கூட்டிவிடும்.

செய்ய வேண்டியது இது. பேனையை வையுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக அழுத்துங்கள். வாயை மூடி, மூக்கால் மெதுவாக 4 எண்ணும்வரை சிறிய மூச்சு உள்ளே. 6 எண்ணும்வரை வெளியே. இப்படி 15 தரம் செய்ய இரண்டரை நிமிடம் போகும். போகட்டும், 20 கேள்வி போவதை விட அது மேல். ஆனால் இதை மண்டபத்தில்தான் முதல் தடவை செய்தால் வேலை செய்யாது. தினமும் படுக்க முன்னும், பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் அங்கேயும் செய்து பழகுங்கள். மனம் அமைதியாக இருக்கும்போது பழகிய உடம்புதான் பயத்திலும் சொல்வழி கேட்கும்.

பல்தேர்வுப் பேப்பரில் 50 கேள்விக்கு 120 நிமிடம். ஒன்றுக்கு 2 நிமிடமும் 24 செக்கனும். முதலாம் கேள்வியிலிருந்து வரிசையாகப் போகிறபோது, ஒரு நீளமான கணக்கில் ஐந்து நிமிடம் போனதும் கண் கடிகாரத்துக்குப் போகும், நெஞ்சும் அங்கேயே அடிக்கத் தொடங்கும். ஆகவே மூன்று சுற்றாகப் போங்கள். முதல் சுற்றில் வாசித்தவுடன் வழி தெரிகிறவை மட்டும். ஒரு நிமிடத்தில் வழி பிடிபடாவிட்டால் கேள்வி இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 50ஐயும் ஒரு தரம் பார்த்துமுடித்த பிறகு வட்டம் போட்டவை. கடைசி ஐந்து நிமிடத்தில், மிஞ்சிய எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு விடை. பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். நீங்கள் வெறுமையாக விட்ட 20க்கும் கண்ணை மூடிக்கொண்டு கீறியிருந்தாலே சராசரியாக 4 சரி வந்திருக்கும். உங்கள் 38இல் எவ்வளவு அறிவின் கணக்கு, எவ்வளவு பயத்தின் கணக்கு என்பதை இதிலிருந்தே பாருங்கள்.

வீட்டில் முதல் வாரம் 10 கேள்வியை 24 நிமிடத்தில் செய்யுங்கள். இரண்டாம் வாரம் 25ஐ 60 நிமிடத்தில். அடுத்து முழுப் பேப்பர். நடுவில் படபடப்பு வந்தால் எழும்பிப் போகாதீர்கள். மூச்சைச் செய்துவிட்டு இன்னும் இரண்டு கேள்வியாவது செய்த பிறகு எழும்புங்கள். பயத்தின் உச்சியில் எழும்பிப் போனால் அடுத்த முறை பயம் இன்னும் வேளைக்கு வரும்.

இனி அந்தக் கார்டுகள். ஏழையும் மேசையில் வைத்து ஒவ்வொன்றையும் எடுத்துக் கேளுங்கள்: இந்த வகுப்பால் போன மாதம் எனக்குத் தனியாகச் செய்ய வந்த வினா எது? இது தருவதை வேறொரு கார்ட் ஏற்கெனவே தருகிறதா? பௌதிகவியலைப் பாடசாலையோடு நான்கு பேரிடம் படிக்கிறீர்கள். நான்கு பேருக்கு நான்கு ஒழுங்கு, நான்கு விதக் குறியீடு. என் அபிப்பிராயம், வியாழன் ஸூம் வகுப்பையும் சனி காலை இரசாயனவியல் ரிவிஷனையும் இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். தியரியே முடியாத பாடத்துக்கு ரிவிஷன் எதற்கு? ஆறு மணித்தியாலம் கையில் வரும்.

அந்த ஆறும் நோட்ஸ் எழுதப் போய்விடக் கூடாது. ஒரு கொப்பியைப் பார்த்து இன்னொரு கொப்பியில் மூன்று நிறப் பேனையால் அழகாக எழுதுவதைச் சரியாகச் சொன்னால், கை படிக்கிறது, தலை ஓய்வெடுக்கிறது. அதை இன்றோடு விடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு அலகை எடுத்து, அந்த அலகில் கடந்தகால வினாக்களில் நான்கை 45 நிமிடம் கொப்பியை மூடி வைத்துச் செய்யுங்கள். புள்ளியிடும் திட்டத்தை வைத்து நீங்களே சிவப்புப் பேனையால் திருத்துங்கள். பிழைத்தவற்றுக்கென்று ஒரு சின்னக் கொப்பி. பிழை எந்த வகை என்று பக்கத்தில் ஒரு சொல்: தெரியாது, மறந்தது, கேள்வியைப் பிழையாக வாசித்தது, கணக்குப் பிழை. இரண்டு வாரத்தில் எது அதிகம் என்று தெரிந்துவிடும். கணக்குப் பிழைதான் கூட என்றால் இன்னொரு தியரி வகுப்பு அதைத் தீர்க்காது. பிழைத்த அதே வினாவை இரண்டாம் நாள், ஏழாம் நாள், 21ஆம் நாள் திரும்பச் செய்யுங்கள். படித்தது முதல் நாளிலேயே வேகமாக மறந்துபோகும், பிறகுதான் மறதி மெதுவாகும் என்பதை ஹேர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்னை வைத்துச் சோதித்து எழுதிவிட்டார். மறக்கப்போகிற நேரத்தில் ஒரு தரம் நினைவிலிருந்து இழுத்தெடுப்பது, பத்துத் தரம் வாசிப்பதை விட நின்று பிடிக்கும்.

நித்திரையைப் பற்றி நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. உங்கள் வயதுக்கு 8 மணித்தியாலமாவது வேண்டும். பகலில் படித்தது மூளையில் பதிவதே நித்திரையில்தான். 4 மணித்தியாலத்தோடு எழும்புகிறபோது இரவில் எழுதியதில் பெரும்பகுதியை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போகிறீர்கள். ஒரே நாளில் 10 மணிக்குப் படுத்தால் நித்திரை வராது, புரண்டு புரண்டு பயம்தான் கூடும். மூன்று நாளைக்கு ஒரு தரம் 20 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மணியிலிருந்து 10.30க்கு வர மூன்று வாரம் எடுக்கும். அப்போது ஆறரை மணித்தியாலம் கிடைக்கும். மிச்சத்தை வியாழன் பின்னேரமும் சனி காலையும் பிடித்துக்கொள்ளலாம். பின்னேரம் 4க்குப் பிறகு தேநீர் வேண்டாம். அதிலுள்ள கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணித்தியாலம் வரை போகும், அதுவே உங்கள் படபடப்பையும் தூண்டுகிறது. 1.30க்குப் பாடசாலை விட்டு 3 மணி வகுப்புக்கு முன் பணிஸும் தேநீருமாகச் சமாளிக்காமல் சோறு கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிட்ட பின் மேசையில் தலைவைத்து 20 நிமிடம். அதற்கு மேல் போனால் எழும்பும்போது தலை பாரமாக இருக்கும்.

அப்பாவிடம் பேச, காசு எண்ணி வைக்கிற இரவைத் தெரிவு செய்யாதீர்கள். ஞாயிறு பின்னேரம் அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது இப்படித் தொடங்குங்கள்: “அப்பா, நான் படிப்பை விடப்போறேன் எண்டு சொல்லேல்ல. கூடப் புள்ளி எடுக்கிறதுக்கு ஒரு மாற்றம் செய்யப் பாக்கிறன். இரண்டு மாசம் எனக்குத் தாங்கோ, பேப்பர் மார்க்ஸை நானே எழுதிக் காட்டுறன்.” திருத்திய பேப்பரை ஒவ்வொரு கிழமையும் அவர் கையில் கொடுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரே அளவு கார்ட்தான். வேறோர் அளவு கையில் வந்தால் அவருக்கும் பயம் குறையும்.

இந்தப் பந்தியை அப்பாவே வாசிக்கட்டும். ஐயா, உங்கள் மகள் உழைப்பில் குறை வைக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. பெரியப்பா மகனோடு பிள்ளையை ஒப்பிட அதில் ஒரு இடமும் இல்லை. அந்த அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி மூன்று பாடத்தின் இசட் புள்ளிகளின் சராசரி, ஆகவே 38இல் நிற்கும் பாடத்தைத் தூக்குவதே இப்போது முதல் வேலை. அதற்கு அவருக்கு வேண்டியது நேரமும் நித்திரையும். மூன்று தடவை பரீட்சை எழுத இடமுண்டு. உயிரியல் பிரிவுக்கு மருத்துவ பீடம் ஒன்றுதான் வாசலும் இல்லை: தாதியியல், மருந்தகவியல், விவசாயம், மிருகவைத்தியம் எல்லாம் இருக்கின்றன. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிக்கலாம். மகள் சொல்லும் இன்னொரு விஷயத்தையும் கோபப்படாமல் கேளுங்கள். அன்றிரவு அவரைத் தனியே விட்டுப் படுக்காதீர்கள்.

மகள், வருகிற வியாழன் 7 மணிக்கு ஸூமைத் திறக்காமல் இருக்கும்போது குற்ற உணர்வு வரும், கை போனைத் தேடும். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒரே ஒரு அலகை எடுங்கள். பௌதிகவியலில் உங்களுக்கு ஓரளவு வருகிற அலகாக இருக்கட்டும். நான்கு வினா, 45 நிமிடம், சிவப்புப் பேனை. 8.30க்கு எழும்பிச் சாப்பிடுங்கள். அன்றைக்கு அதற்கு மேல் படிக்க வேண்டாம். நான்கு கிழமை கழித்து அந்தப் பிழைக் கொப்பியில் எந்தச் சொல் அதிகம் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.