ஃபைட்டர் மீனில் ஆண் எது, பெண் எது?

கேள்வி: எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ள வண்ண மீன் கடையில் ‘ஜோடி’ என்று சொல்லி இரண்டு ஃபைட்டர் மீன்களைக் கொடுத்தார்கள். ஒன்றுக்குத் துடுப்புகள் நீண்டு தொங்குகின்றன. மற்றதற்குத் துடுப்பு குட்டை என்பதால் அதுதான் பெண் என்றார் கடைக்காரர். ஒரே தொட்டியில் விட்டதும் இரண்டும் கடித்துக்கொள்கின்றன. குட்டைத் துடுப்பு மீன் உண்மையில் பெண்தானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் இரண்டையும் தனித்தனியே பிரித்துவிடுங்கள், ஆராய்ச்சியை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். கடித்துக்கொண்டன என்பதை மட்டும் வைத்து இரண்டும் ஆண் என்று முடிவு கட்ட முடியாது. முட்டையிடத் தயாராகாத பெண்ணை ஆண் துரத்தித் துரத்திக் கடிக்கும். பெண் மீன்களும் தங்களுக்குள் சண்டையிடும்.

கடைக்காரர் சொன்ன அடையாளம் பாதி சரி. நீண்டு தொங்கும் துடுப்புடன் முழு வளர்ச்சி அடைந்த மீன் பெரும்பாலும் ஆண்தான். ஆனால் குட்டைத் துடுப்பு என்றால் பெண் என்பது சரியன்று. தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்புகளிலும் இயற்கையாக வாழும் இந்த மீனில், ஆணுக்கும் துடுப்பு குட்டையாகவே இருக்கும். வெய்ல் டெயில், ஹாஃப்மூன், கிரவுன் டெயில் என்று கடைகளில் விற்கும் நீண்ட துடுப்பு வகைகள் எல்லாம் மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து உருவாக்கியவை. சண்டைக்கென்றே வளர்க்கப்பட்டு, இப்போது அழகுக்காகவும் விற்கப்படும் பிளகாட் வகையில் ஆணின் துடுப்பு இன்றும் குட்டைதான். பிளகாட் ஆணோ, துடுப்பு இன்னும் வளராத இளம் ஆணோ பெண் என்ற பெயரில் விலைபோவது வெகு சாதாரணம். நிறமும் முன்போல நம்பத்தக்க அடையாளமில்லை. ஆணுக்கு ஈடான நிறமுள்ள பெண் மீன்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன.

ஆகவே துடுப்பின் நீளத்தை விட்டுவிட்டு அதன் வடிவத்தைப் பாருங்கள். வயிற்றுக்குப் பின்னால் தொடங்கி வால்வரை செல்லும் அடித்துடுப்பு, ஆணுக்குப் பின்பக்கம் போகப் போக இறங்கிக் கூர்மையாக முடியும். பெண்ணுக்கு அதன் கீழ்விளிம்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். செவுளுக்குக் கீழே தொங்கும் இரண்டு மெல்லிய துடுப்புகள் ஆணுக்கு நீளமாகவும் பருமனாகவும் இருக்கும். பெண்ணுக்கு அவை குட்டையாகவும் ஒல்லியாகவும் இருக்கும். பிளகாட் ஆணையும் பெண்ணையும் அருகருகே இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு சட்டென்று பிடிபட்டுவிடும்.

அடுத்தது முட்டைப்புள்ளி. மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டுக் கீழ்ப்பக்கமாகக் கவனித்தால், மேலே சொன்ன தொங்கும் துடுப்புகளுக்கும் அடித்துடுப்பின் தொடக்கத்துக்கும் நடுவே ஒரு ரவை அளவில் வெள்ளைப்புள்ளி தெரியும். அது பெண் முட்டையிடும் குழாயின் நுனி. ஆனால் இளம் ஆண்கள் சிலவற்றிலும் இதைப் போன்ற புள்ளி தென்படுவது உண்டு என்பதால், இதை ஒற்றைச் சாட்சியாக நம்பி ஜோடி சேர்க்காதீர்கள். வெளிர் நிற மீனாக இருந்தால் இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. இரவில் மீனுக்குப் பின்புறமிருந்து டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், குடல் இருக்கும் பைக்குப் பின்னால் வாலை நோக்கிக் குறுகிச் செல்லும் மஞ்சள் நிற முக்கோணமாகச் சினைப்பை தெரியும். கறுப்பு, கருநீல மீன்களில் இது பலிக்காது.

கண்ணாடிச் சோதனையும் உதவும். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைத் தொட்டியின் பக்கத்தில் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்தால் ஆண், பெண் இரண்டுமே செவுள் மூடியை விரிக்கும் என்பதால், விரிக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. செவுள் மூடிக்கு அடியிலிருந்து தாடிபோல வெளிவரும் சவ்வு எவ்வளவு பெரியது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்கு அது அகலமாக வெளியே நீளும். பெண்ணுக்கு மிகச் சிறியது. வேடிக்கையாக இருக்கிறதே என்று வெகுநேரம் கண்ணாடியைக் காட்டிக்கொண்டே இருந்தால் மீன் களைத்துப்போகும்.

இவை எல்லாம் ஏறக்குறைய மூன்று மாதம் நிறைந்த மீனுக்குத்தான் பொருந்தும். இரண்டு மாதக் குஞ்சைக் காட்டி யாராவது ஆண், பெண் என்று அடித்துச் சொன்னால் அது வியாபாரப் பேச்சு. உங்கள் குட்டைத் துடுப்பு மீன் சிறியதாக இருந்தால் இன்னும் சில வாரம் தனியே வளர்த்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ஃபைட்டர் மீன் இதுவரை நுரைக்கூடு கட்டவே இல்லை. அப்படியானால் அது பெண்ணா?
- வாசகர், திருவாரூர்

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. நீர்மட்டத்தில் குமிழிகளைச் சேர்த்துக் கூடு கட்டுவதும், பெண் இடும் முட்டைகளை வாயால் பொறுக்கி அதில் ஒட்டிவைத்துக் காவல் காப்பதும் ஆணின் வேலைதான். ஆனாலும் வளர்ந்த ஆண் எல்லாம் எப்போதும் கூடு கட்டிக்கொண்டிருப்பதில்லை. நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருப்பதும், மேற்பரப்பு அசையாமல் இருப்பதும் அதற்கு வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நம் பகுதியில் இரவில் தொட்டி நீர் குளிர்ந்துவிடுவதாலும், காற்றுக் குழாய் ஓயாமல் நீரைக் கலக்குவதாலும் கூடு அமையாமல் போகலாம். அதுபோலவே எப்போதாவது ஒரு பெண் சிறு நுரைக்கூடு கட்டுவதும் உண்டு. எனவே கூட்டை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

நம் வாய்க்கால்களில் உள்ள பனையேறிக் கெண்டையும் ஃபைட்டரைப் போலவே தலைக்குள் தனி உறுப்பு கொண்டு நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் இனம். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், அது பனை மரத்தில் ஏறியதைக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797-இல் லண்டனில் அச்சானது. ஆனால் பனையேறிக்கு நுரைக்கூடு கட்டும் பழக்கம் கிடையாது. அதன் முட்டைகள் தாமாகவே மிதக்கும். ஃபைட்டரின் முட்டைகளோ மூழ்கும். அதனால்தான் ஆணுக்கு அவ்வளவு வேலை.

கேள்வி: முட்டையிட்ட பெண் மீன் பிறகு ஆணாக மாறும் என்கிறார்களே?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: சினைப்பையை அகற்றிய பெண் ஃபைட்டர்களில் சிலவற்றுக்கு விந்தகம் வளர்ந்ததை ஆய்வாளர்கள் 1975-இல் பதிவுசெய்துள்ளனர். ஆனால் வீட்டுத் தொட்டியில் ‘பெண்ணாக இருந்தது ஆணாகிவிட்டது’ என்று சொல்லப்படுபவை அனேகமாக, வாங்கும்போதே தவறாகக் கணிக்கப்பட்ட இளம் ஆண்கள்தான். உங்கள் மீன் முட்டையிட்டதை நீங்களே கண்டிருந்தால், அது பெண் என்பதில் ஐயம் வேண்டாம். அடுத்த முறை ஆணுடன் சேர்க்கும்போது, நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து ஓரிரு நாள் பார்க்கவிடுங்கள். பெண்ணின் உடலில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரிந்தால் தடுப்பை எடுக்கலாம். தலையிலிருந்து வால்வரை நீளவாக்கில் கோடுகள் தெரிந்தால் அது பயந்திருக்கிறது, எடுக்காதீர்கள்.