மைதாப் பசையில் மயில்துத்தம் வேண்டாம்

மூன்று வயது மகள் கைவேலையின்போது பசையை வாயில் வைத்துவிடுகிறாள் என்றும், வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை இரண்டே நாளில் புளித்துவிடுவதால் மயில்துத்தம் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து சேர்க்காதீர்கள். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க அதைக் கலப்பதுண்டு என்றாலும், அது செப்பு சல்பேட் என்னும் நஞ்சு. விழுங்கினால் வாந்தியும் வயிற்று எரிச்சலும் உண்டாகும். அதற்குப் பதிலாக, 2 மேசைக்கரண்டி மைதாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடிபோல் மினுங்கும்வரை கிளறி, அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள். பச்சை மாவு குழந்தையின் வயிற்றுக்கு ஆகாது என்பதால் நன்றாக வேகவேண்டும். மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். எங்கள் வீட்டில் மீந்ததே இல்லை. பாதி காகிதத்துக்கும் பாதி தரைக்கும் போய்விடும்.