மெக்கானிகல் பம்பை வைத்தே இன்ஜெக்‌ஷன் ஓட்ட முடியுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது கார்பரேட்டர் வைத்த மாருதி ஜிப்ஸி 1.3. எஞ்சினை மாற்றாமல் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் கிட் மாட்டப் போகிறேன். காட்டுப் பாதையில் எலக்ட்ரிக் பம்ப் கைவிட்டுவிடுமோ என்று பயம். நல்ல பிரஷர் தரும் மெக்கானிகல் பம்ப் பார்த்து வாங்கிப் போடலாமா?

பதில்: அது மட்டும் போதாது. இந்தப் பம்பில், எஞ்சினோடு சுற்றும் கேம் செய்வது லீவரை அசைத்து, டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை இழுத்து, பெட்ரோலை உள்ளே கொண்டுவரும் வேலைதான். வெளியே தள்ளுவது டயாஃப்ரத்தின் பின்னால் இருக்கும் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் பலம் எவ்வளவோ, அவ்வளவுதான் பிரஷர்: பெரும்பாலும் 3 முதல் 6 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு). கார்பரேட்டருக்கு அது போதும், கூடினால் அதற்குள் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு தாங்காமல் வழியும். இன்ஜெக்டர் வழக்கமாகக் கேட்பது 3 பார், அதாவது சுமார் 43 பிஎஸ்ஐ. அந்த அளவுக்கு ஸ்பிரிங்கை இறுக்கினால் லீவரும் கேமும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ஸ்டார்ட் செய்வதிலும் சிக்கல் உண்டு. சாவியைத் திருப்பியதும் எலக்ட்ரிக் பம்ப் ஓரிரு நொடி ஓடி லைனில் பிரஷரை ஏற்றி வைக்கும். மெக்கானிகல் பம்புக்கு எஞ்சின் சுற்றினால்தான் உயிர்.

'ரேஸ் கார்களில் பெல்ட்டில் ஓடும் பம்ப் இருக்கிறதே' என்பீர்கள். அது வேறு சாதி. எக்கச்சக்கமாகப் பெட்ரோல் குடிக்கும் எஞ்சின்களுக்கான பம்ப். எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் அதன் வரத்து குறைந்துபோகும். இவ்வளவு ஏன், 1967-இல் வந்த டிரையம்ஃப் டிஆர்5 காரில் இன்ஜெக்‌ஷன் முழுக்க மெக்கானிகல், ஆனால் பிரஷர் கொடுத்தது எலக்ட்ரிக் பம்ப்!

சரி, பழைய பம்பை என்ன செய்வது? சர்ஜ் டாங்க் என்ற ஒன்றிரண்டு லிட்டர் டப்பாவை நிரப்பும் வேலையைக் கொடுக்கலாம். எலக்ட்ரிக் பம்ப் அதிலிருந்து எடுத்து 3 பாரில் அனுப்பும். பிரஷரைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் திருப்பி அனுப்பும் பெட்ரோல் அதே டப்பாவுக்கு, டப்பா நிரம்பி மிஞ்சுவது மெயின் டாங்குக்கு. ஏற்றத்தில் டாங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் எஞ்சின் இருமாது. உங்கள் எஞ்சினின் சுமார் 60 குதிரைத்திறனுக்கு முழு ஆக்ஸிலரேட்டரில் மணிக்கு 18 லிட்டர், நிமிடத்துக்கு 300 மில்லி தேவை. பழைய பம்ப் இதைவிடத் தாராளமாகத் தருகிறதா என்று மெக்கானிக்கை விட்டு அளந்து பாருங்கள். எலக்ட்ரிக் பம்பும் சின்ன எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்‌ஷன் வைத்த) காருக்கானதே போதும். மணிக்கு 255 லிட்டர் தள்ளுவதை வாங்கினால், மிச்சப் பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து சூடாவதுதான் பலன்.

கரடுமுரடான பாதையில் அடிக்கடி ஓட்டாதவர் என்றால் நான் இவ்வளவு தூரம் போகமாட்டேன். டாங்குக்கு உள்ளேயே எலக்ட்ரிக் பம்ப் வைத்துவிட்டு, பழைய பம்பைக் கழற்றி அந்த ஓட்டையை பிளேட்டும் கேஸ்கட்டும் போட்டு மூடிவிடுவேன். பழைய டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும் என்ற பயமும் போகும். எந்த வழியானாலும், எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி பம்புக்கு மின்சாரம் விடும் ரிலேயை, இன்ஜெக்‌ஷனை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூ வழியாக இணையுங்கள். கார்பரேட்டர் காலத்து ஹோஸ் ஒன்றுகூட பிரஷர் லைனில் இருக்கக் கூடாது. இன்ஜெக்‌ஷன் பிரஷருக்கான ஹோஸும் கிளாம்ப்பும் தனி. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா என்றும் கேட்டு வாங்குங்கள். நடுவழி பயத்துக்கு, ஒரு உபரி பம்பும் ரிலேயும் டூல் பாக்ஸில் இருக்கட்டும்.