கோச்சின் நாற்காலியும் பையனின் தலையும்

அன்புள்ள அக்கா,

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்த நாளிலிருந்து அமெரிக்கக் கால்பந்து அணியான நியூயார்க் ஜயன்ட்ஸின் ரசிகன். செப்டம்பர் வருகிறது. எங்கள் ஆபீசில் ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் ஒரு பந்தயம் நடக்கும்: 32 அணிகளில் எந்த கோச்சுக்கு முதலில் வேலை போகும்? என் பட்டியலில் உள்ள ஐந்து பெயர்களை இணைத்திருக்கிறேன். உங்கள் கணிப்பைச் சொல்லுங்கள். இவர்களுக்காகப் பரிதாபப்பட எனக்கு ஒன்றுமில்லை. வேலை போனாலும் ஒப்பந்தப் பணம் வீடு தேடி வருகிறது. அடுத்து, எங்கள் குவார்ட்டர்பேக் ஜாக்சன் டார்ட். போன வருடம் 4 வெற்றி, 13 தோல்வி. புது கோச் ஜான் ஹார்பா வந்தும் இவன் தேறவில்லை என்றால் உடனே வேறு பையனைப் பார்ப்பதுதானே புத்திசாலித்தனம்? டேனியல் ஜோன்ஸை வைத்துக்கொண்டு ஆறு வருடத்தை வீணாக்கினோம். மறுபடி அந்தத் தவறு வேண்டாம். இந்த வருடம் எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்று நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பட்டியலை இங்கே வெளியிடவில்லை. எந்த மனிதனுக்கு முதலில் வேலை போகும் என்று பணம் கட்டி விளையாடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீசில் எல்லோரும் செய்கிறார்கள் என்றாலும் பிடிக்கவில்லை. உங்கள் சொந்த ஆபீசில் ஆட்குறைப்பு வரும்போது பக்கத்து மேசைக்காரர் உங்கள் பெயரில் பத்து டாலர் கட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரி, இதை இத்தோடு விடுகிறேன். கோச்சுகளின் சம்பளமும் அப்படித்தான். நிறைய வாங்குகிறார்கள், வேலை போனாலும் வருகிறது. வரட்டும். அதுவல்ல என் கவலை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உட்கார வைத்துவிட்டது. "டேனியல் ஜோன்ஸை வைத்துக்கொண்டு ஆறு வருடத்தை வீணாக்கினோம்." யார் யாரை வீணாக்கியது தம்பி? இதைப் பற்றி எழுதவேண்டும் என்று போன நவம்பரிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு பத்தி. அமெரிக்கக் கால்பந்தில் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் குவார்ட்டர்பேக் கையில் பந்து வருவதில்தான் தொடங்கும். மூன்று விநாடிக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும்: எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா. அதற்குள் 120, 130 கிலோ ஆட்கள் அவன் மேல் விழ வந்துகொண்டிருப்பார்கள். அடுத்து ஆடவேண்டிய நகர்வை கோச் தரப்பிலிருந்து அவன் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். ஒரு நகர்வின் பெயரே ஒரு முழு வாக்கிய நீளம் இருக்கும். ஒவ்வொரு கோச்சுக்கும் ஒரு தனி பாஷை. கோச் மாறினால் பாஷையும் மாறும். பையன் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும்.

ஜோன்ஸும் ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக்காக இருந்தவன்தான். அவனை 2019 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சியில், ஆறாவது ஆளாக எடுத்தார்கள். எடுத்த அன்றே ரசிகர்கள் ஊளையிட்டார்கள். அப்போது கோச் பாட் ஷர்மர். அந்த சீசன் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஜோ ஜட்ஜ், இரண்டு சீசன். அவர் காலத்திலேயே தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்த ஜேசன் காரெட்டை நடு சீசனில் அனுப்பினார்கள். அப்புறம் பிரையன் டேபல். ஆறு சீசனில் மூன்று ஹெட் கோச். டேபலின் முதல் ஆண்டில், 2022-இல், பிளேஆஃப் என்னும் நாக்அவுட் சுற்றுக்குப் போய் மினசோட்டாவில் ஒரு ஆட்டம் ஜெயித்தபோது நீங்களும் அந்தப் பையனைக் கொண்டாடியிருப்பீர்கள். 2024 நவம்பரில் வெளியே. அதே ஜோன்ஸ் 2025-இல் இண்டியானாபொலிஸ் போய் முதல் பத்து ஆட்டங்களில் எட்டை ஜெயித்துக் கொடுத்தான். டிசம்பரில் குதிகால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது, அது வேறு கதை. ஊர் மாறியதும் கை மாறிவிட்டதா என்ன?

குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தை உங்களுக்கு நினைவிருக்கலாம். 2005 டிராஃப்டின் முதல் ஆள். சான் பிரான்சிஸ்கோவில் முதல் ஏழு ஆண்டுகளில் ஏழு தாக்குதல் பயிற்சியாளர்கள். ஆண்டுக்கு ஒருவர்! ஆறு ஆண்டும் ஊரே அவனை விளங்காதவன் என்று திட்டியது. ஏழாவது ஆண்டு ஜிம் ஹார்பா வந்தார், உங்கள் புது கோச்சின் தம்பிதான். அந்த 2011 சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. அதே ஸ்மித்!

இப்போது டார்ட். என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

2024-இல் ஜயன்ட்ஸ் 3 வெற்றி, 14 தோல்வி. சீசன் முடிந்ததும் உரிமையாளர் ஜான் மாரா டேபலை வைத்துக்கொண்டார். கூடவே, தன் பொறுமை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்றும் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். சொன்ன சில மாதங்களில், 2025 ஏப்ரல் டிராஃப்டில், முதல் சுற்றுக்குள் மறுபடி நுழைய விலை கொடுத்து 25-ஆவது ஆளாக டார்ட்டை எடுத்து அதே டேபல் கையில் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனிடம் உனக்கு நாள் குறித்தாகிவிட்டது என்கிறீர்கள். அடுத்த நிமிடம் பத்து வருடம் வளர்க்கவேண்டிய ஒரு 21 வயதுப் பையனை அவன் கையில் கொடுத்து வளர்க்கச் சொல்கிறீர்கள். வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது பால் பிடித்த நெல்லைக்கூட அறுக்கத்தான் செய்வான் விவசாயி. அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

மூத்த குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை வைத்து முதல் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். நான்காவது ஆட்டத்தில் டார்ட் வந்தான். அதுவரை தோற்காத சார்ஜர்ஸ் அணியை 21-18 என்று ஜெயித்தான். பையனுக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, பயம் இல்லை. பயம் இல்லாத பையனுக்கு, உடம்பைப் பார்த்துக்கொள், கீழே விழுந்துவிடு, அடி வாங்காதே என்று சொல்ல ஒரு பெரியவர் வேண்டும். அந்தப் பெரியவருக்கோ பந்து முன்னேறும் ஒவ்வொரு கெஜமும் தேவையாக இருந்தது. அதனால் ஓடவிட்டார்கள்.

அக்டோபர் 9, வியாழன் இரவு, பிலடெல்ஃபியா ஈகிள்ஸோடு ஆட்டம். டார்ட் தலையில் அடிபட்டிருக்குமோ என்று மருத்துவர்கள் அவனை ஓரத்தில் இருக்கும் நீலக் கூடாரத்துக்குள் கூட்டிப்போய்ப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். ஹெட் கோச் அந்தக் கூடாரத்துப் பக்கம் போனார். அணி மருத்துவரிடம் சத்தம் போட்டார். பரிசோதனை சீக்கிரம் முடியவேண்டும் அவருக்கு. பிறகு மன்னிப்புக் கேட்டார். லீக் விசாரித்து அணிக்கு 2 லட்சம் டாலரும் அவருக்கு 1 லட்சம் டாலரும் அபராதம் போட்டது. அன்று ஜயன்ட்ஸ் 34-17 என்று ஜெயித்தது, டார்ட் திரும்ப வந்து ஆடினான், எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9, சிகாகோவில் பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் இரண்டு டச்டவுன் போட்டான். அப்புறம் நிஜமாகவே தலையில் அடிபட்டு வெளியே போனான். முன்னிலையில் இருந்த அணி 24-20 என்று தோற்றது. மறுநாள் டேபலுக்கு வேலை போயிற்று.

டேபல் கெட்டவர் இல்லை. இதைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்றவர்கள் உடனே ஒரு வில்லனைத் தேடுவீர்கள். பஃபலோவில் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைப் பொறுமையாக ஆளாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அவர் தலைக்குமேல் கத்தி தொங்கவில்லை, பொறுமை இருந்தது. இங்கே அந்தப் பொறுமைக்கு இடமில்லை. ஒரு பையனின் மண்டையைப் பரிசோதிக்கும் மருத்துவரை அவசரப்படுத்தும் நிலைக்கு ஒரு நல்ல ஆசிரியரைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்தக் கெடு. கோச்சின் வேலை உத்தரவாதம் கோச்சுக்கான சலுகை என்று எல்லோரும் பேசுகிறார்கள். இல்லை. அது அவர் கையில் இருக்கும் பையனுக்கான பாதுகாப்பு.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா வந்த புதிதில் நான் நியூ ஜெர்சியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். என் மேலாளர் தங்கமான மனிதர். நான் சாப்பிடாமல் இருந்தால் தன் சாண்ட்விச்சில் பாதியை வெட்டித் தருவார். ஒரு கோடையில் அவர் வேலை ஆட ஆரம்பித்தது. மேலே என்ன சொன்னார்களோ, மனிதர் மாறிப்போனார். நான் இன்னும் பாதிகூடக் கற்றுக்கொள்ளாத ஒரு அமைப்பை, வாடிக்கையாளர் முன்னால் தனியாக ஓட்டிக்காட்டச் சொல்லி அனுப்பினார். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அது எப்படி முடிந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பனிக்காலம் வருவதற்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேலை இருந்தது, ஆனால் ரொம்ப நாள் எனக்கு எதுவும் வராது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது பின்னால் வந்து நின்றால் விரல் விசைப்பலகையில் நகராது. அடுத்து வந்தவர் ஒரு கண்டிப்பான அம்மாள், சிரிக்கவே மாட்டார். ஆனால் அவருக்குத் தன் நாற்காலி பற்றிய பயம் இல்லை. சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்தார், தப்பு செய்தால் திருத்தச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் வேலை கற்றது அவரிடம்தான்.

உங்கள் அணியின் வரலாறே இதற்குச் சாட்சி. 2004-இல் டாம் காஃப்லின் கோச்சாக வந்தார். அதே ஆண்டு குவார்ட்டர்பேக் ஈலை மானிங் வந்தான். முதல் ஒன்பது ஆட்டம் கர்ட் வார்னர் ஆடினார்: 5 வெற்றி, 4 தோல்வி. வெற்றிக் கணக்கில் இருந்த மூத்தவரை உட்காரவைத்துவிட்டுப் பையனை இறக்கினார் காஃப்லின். வேலை பற்றிய பயம் உள்ளவன் செய்யும் காரியமா இது? ஈலை வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றான். பால்டிமோரில் 18 முறை எறிந்து நான்கே நான்கு போய்ச் சேர்ந்தது. கடைசி ஆட்டத்தில்தான் டல்லாஸை ஜெயித்தான். 2006 முடிந்தபோது ஊரே காஃப்லினைத் துரத்தச் சொன்னது. பத்திரிகைகள் அன்று எழுதியதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாரா குடும்பம் அவரை வைத்துக்கொண்டது, ஒப்பந்தத்தையும் ஒரு ஆண்டு நீட்டித்தது. 2007 நவம்பரில் மினசோட்டாவுக்கு எதிராக ஈலை நான்கு இண்டர்செப்ஷன் கொடுத்தான், அதாவது அவன் எறிந்த பந்தை நான்கு முறை எதிரணி பிடித்துக்கொண்டது. அதில் மூன்றை எதிரணி நேராக டச்டவுனாக்கியது. அன்று உங்கள் ஆபீசில் பந்தயம் நடந்திருந்தால் யார் பெயரில் கட்டியிருப்பீர்கள்? பத்தே வாரத்தில், அதுவரை 18 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்காத நியூ இங்கிலாந்தை 17-14 என்று வீழ்த்தி லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பௌலை வாங்கினார்கள். ஆட்டநாயகன் ஈலை.

அதே ஈலையை 2017-இல் என்ன செய்தார்கள்? அப்போதைய கோச் பென் மெக்கடூவின் வேலை ஆடிக்கொண்டிருந்தது. தொடர்ந்து 210 ஆட்டங்களைத் தொடங்கியவனை உட்காரச் சொன்னார்கள். ஈலை கண் கலங்கியதை நாடே பார்த்தது. அந்த ஆட்டம் தோற்ற மறுநாளே மெக்கடூவும் பொது மேலாளரும் வெளியே. பயந்தவன் கையில் பையனும் தங்கமாட்டான், மூத்தவனும் தங்கமாட்டான்.

காஃப்லின் 2016 ஜனவரியில் விலகியதிலிருந்து இன்று வரை மெக்கடூ, ஷர்மர், ஜட்ஜ், டேபல், இப்போது ஹார்பா. பிட்ஸ்பர்க்கைப் பாருங்கள். 1969 முதல் 2025 சீசன் வரை மூன்றே ஹெட் கோச்: நோல், கவர், டாம்லின். அந்த நோல் முதல் ஆண்டில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். தோற்றது 13. உங்கள் கணக்குப்படி அவரையும் அந்தக் கிறிஸ்துமஸுக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கவேண்டும். அப்புறம் அவர் வாங்கிய நான்கு சூப்பர் பௌலை யார் வாங்குவது?

எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்று கேட்டிருந்தீர்கள். தெரியாது தம்பி, பெரிதாக அக்கறையும் இல்லை. ஹார்பா வந்ததில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. பால்டிமோரில் 18 சீசன் இருந்தவர். 2018-இல் அவர் வேலையும் ஆடியது. ஆனால் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் ஆடத் தொடங்கிய அந்த சீசன் முடிவதற்குள்ளேயே, அடுத்த ஆண்டும் ஹார்பாதான் என்று நிர்வாகம் அறிவித்தது. மறு ஆண்டு ஜாக்சன் லீக்கின் சிறந்த வீரன். எவ்வளவு மூத்தவரானாலும் அவரையும் இந்த ஜனவரியில் அனுப்பினார்கள், அதுவும் 44 கெஜ உதை ஒன்று தவறிப்போய் சீசன் முடிந்த இரண்டே நாளில். ஆகவே உத்தரவாதம் என்பது யாருக்கும் எழுதிக்கொடுத்ததில்லை. ஒரு காலத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். டல்லாஸில் டாம் லாண்ட்ரி முதல் நான்கு சீசனில் ஜெயித்தது 13, தோற்றது 38. அவரை நீக்கச் சொல்லிக் கேட்ட ஊருக்கு, 1964-இல் பத்து வருட ஒப்பந்த நீட்டிப்பைக் கொடுத்துப் பதில் சொன்னார் உரிமையாளர் கிளின்ட் மர்ச்சிசன். லாண்ட்ரி அங்கே இருந்தது 29 சீசன்.

ஹார்பாவுக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்கிறார்கள். டார்ட்டுக்கு வயது 23. அக்டோபரில் மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றால் மெட்லைஃப் மைதானத்தில் ஊளை கிளம்பும். நீங்களும் கிளப்புவீர்கள், எனக்குத் தெரியும். மாராவிடம் மர்ச்சிசனின் நெஞ்சு இருக்கிறதா என்பதை அப்போது எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா