கல்லறை விளக்கு வாங்கும் முன்

"இத்தாலி, கல்லறையில் கிடைத்தது" என்று மட்டும் போட்டு இணையத்தில் விற்கும் ரோமானிய மண்விளக்கை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 1909-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இத்தாலியில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் பொதுவாக அரசுடைமை. பழைய ஏல ரசீது, ஏற்றுமதி உரிமம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். "பழைய ஐரோப்பியத் தொகுப்பு" என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிட வலிப்பது வேறு. 1889-இல் ரோமில் நீதிமன்ற மாளிகை கட்டத் தோண்டியபோது கிரெபெரேயா ட்ரிஃபைனா என்ற இளம்பெண்ணின் கல் சவப்பெட்டி கிடைத்தது. உள்ளே எலும்புகளோடு அவளுடைய நகைகள், கைகால் மடங்கும் ஒரு தந்தப் பொம்மை. பொம்மையின் கையில் குட்டிச் சாவி வைத்த தங்க மோதிரம்! பெட்டியில் பொறித்த பெயரும் பொருள்களும் ஒன்றாகப் பதிவானதால்தான் அந்தப் பொம்மை யாருடையது என்று இன்றும் சொல்ல முடிகிறது. இப்போது அது ரோமின் சென்ட்ராலே மோன்டெமார்தினி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திருடர்கள் முந்தியிருந்தால் மோதிரம் ஒரு கடைக்கும் பொம்மை இன்னொரு கடைக்கும் போயிருக்கும். அவற்றுக்கும் அவள் பெயருக்கும் உள்ள தொடர்பே அறுந்து போயிருக்கும்.

சரி, விற்பவர் ஆவணம் அனுப்பினால் அதிலுள்ள தேதி, அளவு, படம் மூன்றும் இதே விளக்கைத்தான் குறிக்கின்றனவா என்று பாருங்கள்.